பிள்ளையின் முதல் லைசென்ஸ்: அமெரிக்காவின் ‘ரியல் ஐடி’ விதி எங்கே குறுக்கிடுகிறது?

அமெரிக்காவில் 15 வயதைத் தொட்ட பிள்ளை இருக்கும் வீடுகளில் இப்போது இரண்டு பேச்சுகள் ஒன்றாகக் கலந்துவிட்டன. ஒன்று, பெர்மிட் (லைசென்ஸுக்கு முன் ஓட்டிப் பழகத் தரும் அனுமதி) எப்போது எடுப்பது என்பது. இன்னொன்று ‘ரியல் ஐடி’, அதாவது மத்திய அரசின் அடையாளத் தரத்துக்கு ஏற்ப வழங்கி, நட்சத்திரக் குறி போட்ட அட்டை. 2025 மே 7 முதல், உள்நாட்டு விமானத்தில் ஏறும் பெரியவர்கள் லைசென்ஸைக் காட்டினால் அதில் நட்சத்திரக் குறி இருக்க வேண்டும்; இல்லையென்றால் பாஸ்போர்ட் போன்ற வேறு அடையாளம் வேண்டும். இந்த விதி நடைமுறைக்கு வந்ததும், நட்சத்திரம் இல்லாத லைசென்ஸை வைத்துக் கார் ஓட்டவே முடியாது என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு சான்றிதழ் கைக்கு வரவில்லை என்று பிள்ளையின் பெர்மிட்டையே தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு.

கார் ஓட்ட நட்சத்திரம் தேவையில்லை. அது வேறு வேலைக்கு. ஆனால் லைசென்ஸ் வாங்கப் போகும் அதே கவுன்டரில், அதே மனுவில், அந்த வேறு வேலையும் சேர்ந்தே நடக்கிறது. குழப்பத்தின் வேர் அங்கேதான்.

ஒரே அட்டை, இரண்டு கேள்விகள்

ஓட்டுநர் உரிமம் என்பது அடிப்படையில் ஒரு கேள்விக்கான பதில்: இவருக்கு வண்டி ஓட்டத் தெரியுமா? இந்தியாவில் ‘இவர் யார்?’ என்ற கேள்விக்கு ஆதார், வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு என்று பல பதில்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் எல்லோருக்கும் பொதுவான மத்திய அடையாள அட்டை கிடையாது. பேங்க் கணக்கு தொடங்கவும், ஓட்டலில் அறை எடுக்கவும், விமானம் ஏறவும் மக்கள் நீட்டுவது லைசென்ஸைத்தான். அதை வழங்குவதோ மாநில அரசு. கலிபோர்னியாவில் டிஎம்வி, டெக்சாஸில் டிபிஎஸ், நியூஜெர்சியில் எம்விசி என்று அலுவலகத்தின் பெயர்கூட மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

ஆகவே மத்திய அரசு அடையாளச் சோதனையை இறுக்க நினைத்தபோது, மாநிலங்களின் லைசென்ஸில்தான் கை வைக்க வேண்டியிருந்தது.

சட்டம் வந்த வழி

2001 செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த ஆணையம் 2004இல் தன் அறிக்கையை வெளியிட்டது. விமானங்களைக் கடத்திய 19 பேரில் ஒருவரைத் தவிர மற்ற அனைவரும் ஏதோ ஒரு வகை அமெரிக்க அடையாள ஆவணத்தை வைத்திருந்தார்கள், சிலர் அதை மோசடியாகப் பெற்றிருந்தார்கள் என்று அது குறிப்பிட்டது. பிறப்புச் சான்றிதழ், லைசென்ஸ் ஆகியவற்றை வழங்குவதற்கு மத்திய அரசு தரம் வகுக்க வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜேம்ஸ் சென்சன்பிரென்னர் முன்வைத்த ரியல் ஐடி சட்டம் 2005 மே 11 அன்று கையெழுத்தானது. அது தனிச் சட்டமாக நிறைவேறவில்லை. போர்ச் செலவுக்கும் சுனாமி நிவாரணத்துக்கும் பணம் ஒதுக்கும் அவசர மசோதாவோடு சேர்த்து அனுப்பப்பட்டது. 2004 டிசம்பரில் நாகப்பட்டினத்தையும் முல்லைத்தீவையும் வாரிச் சென்ற அதே சுனாமிதான். நிவாரணத்துக்கும் படைவீரர்களுக்கும் எதிராக யார் வாக்களிப்பார்கள்? செனட்டில் 100க்கு 0 என்று நிறைவேறியது. லைசென்ஸ் பகுதி அங்கே தனியாக அலசப்படவே இல்லை. பிறகு வந்த சிக்கல்களுக்கு இந்த அவசரமும் ஒரு காரணம் என்றே சொல்ல வேண்டும்.

மாநிலங்கள் எதிர்த்தன. 2007 ஜனவரியில் மெய்ன் மாநிலச் சட்டமன்றம் முதலில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டது. 2008 மே என்று குறித்த காலக்கெடு பல முறை தள்ளிப்போய், கடைசியில் 2025 மே மாதத்தில் வந்து நின்றது.

கவுன்டரில் கேட்பது என்ன

சட்டத்தின் நடைமுறை விதிகள் 2008 ஜனவரியில் வெளியாயின. நட்சத்திர அட்டை வேண்டுமென்றால் நான்கு விஷயங்களை நிறுவ வேண்டும்.

1. ஆள் யார், பிறந்த தேதி என்ன. காலாவதியாகாத அமெரிக்க பாஸ்போர்ட், அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய பிறப்புச் சான்றிதழின் அதிகாரபூர்வ நகல், கிரீன் கார்டு, விசாவும் ஐ-94 என்ற வருகைப் பதிவும் சேர்ந்த வெளிநாட்டு பாஸ்போர்ட் போன்றவை ஏற்கப்படும். ஆஸ்பத்திரியில் பிள்ளையின் பாதச்சுவடு பதித்துத் தரும் அழகான சான்றிதழ் செல்லாது. இந்தியப் பிறப்புச் சான்றிதழும் இதற்கு ஏற்கப்படாது.

2. சோஷியல் செக்யூரிட்டி எண் (வேலைக்கும் வரிக்கும் மத்திய அரசு தரும் எண்), அல்லது அந்த எண் பெறத் தகுதியில்லை என்பதற்கான உறுதி. அட்டையையே நேரில் காட்ட வேண்டும் என்ற கட்டாயத்தை 2020 டிசம்பரில் வந்த திருத்தம் தளர்த்தியது. ஆனாலும் எண் சரிபார்க்கப்படும். அட்டையைக் கேட்கும் மாநிலங்களும் இருக்கின்றன.

3. குடியிருக்கும் முகவரி. பெயரும் முகவரியும் உள்ள இரண்டு ஆவணங்கள் வேண்டும். எவை செல்லும் என்பதை மாநிலம் முடிவு செய்யும்.

4. நாட்டில் சட்டப்படி இருப்பதற்கான தகுதி. குடியுரிமை இல்லாதவர்களின் விவரம் ‘சேவ்’ என்ற மத்திய அரசின் கணினி அமைப்பில் சரிபார்க்கப்படும்.

கொடுத்த ஆவணங்களின் நகலை மாநிலம் வருடக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். மனு செய்ததுமே முகப்படம் எடுக்கப்படும். அட்டை மறுக்கப்பட்டாலும் படம் சேமிப்பில் இருக்கும்.

16 வயதில் ஏன் சிக்குகிறது

மேலே உள்ள பட்டியலை 40 வயதுக்காரர் படித்தால் அலமாரியைத் திறந்தால் போதும். கரண்ட் பில், வீட்டுக் கடன் தாள், பேங்க் ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு எல்லாம் அவர் பெயரிலேயே இருக்கும். 16 வயதுப் பிள்ளையின் பெயரில் எந்த பில் வருகிறது? வேலைக்குப் போகாததால் சம்பளச் சீட்டு இல்லை. வாடகை ஒப்பந்தத்தில் பெயர் இல்லை. காகிதத்தில் பார்த்தால் அந்தப் பிள்ளை எங்கும் குடியிருக்கவில்லை.

இதற்கு மாநிலங்கள் வைத்திருக்கும் வழி, பெற்றோரின் ஆவணத்தைப் பிள்ளைக்கு இரவல் தருவது. பெற்றோர் பெயரில் இருக்கும் பில்லையும், அவர்தான் பெற்றோர் என்று காட்டும் பிறப்புச் சான்றிதழையும் சேர்த்துக் கொடுத்தால் கலிபோர்னியா ஏற்கும். பெற்றோர் உடன் வந்து எழுத்தில் உறுதிமொழி தரும் முறை உள்ள மாநிலங்களும், பள்ளி ஆவணத்தை ஏற்கும் மாநிலங்களும் உண்டு. வழி இருக்கிறது; ஆனால் அது முழுக்கப் பெற்றோரின் காகிதத்தில் தொங்குகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாஸ்போர்ட்டிலும் ஒரு கண்ணி இருக்கிறது. 16 வயதுக்குள் எடுக்கும் அமெரிக்க பாஸ்போர்ட் 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பத்து வயதில் ஊருக்குப் போக எடுத்த பாஸ்போர்ட், சரியாக பெர்மிட் எடுக்கும் வயதில் காலாவதியாகிக் கிடக்கும். இருக்கிறதே என்று நம்பிக் கவுன்டருக்குப் போனால் திரும்பி வர வேண்டியதுதான். பெற்றோர் குடியுரிமை பெற்றபோது, கிரீன் கார்டோடு அவர்களுடன் வாழ்ந்த 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 2001 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி தாமாகவே குடிமக்கள் ஆகிவிடுகிறார்கள். ஆனால் ஆனதற்கான காகிதம் தாமாக வீட்டுக்கு வராது. பாஸ்போர்ட்டோ குடியுரிமைச் சான்றிதழோ கேட்டு வாங்கினால்தான் உண்டு.

பெயர்: தமிழ்க் குடும்பங்களின் தனிப் பிரச்சினை

எல்லா ஆவணத்திலும் ‘முழுச் சட்டப் பெயர்’ ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. முதல் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு பெட்டிகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட விதி இது. நமக்கோ குடும்பப் பெயர் என்ற வழக்கமே இல்லை. அப்பா பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர், அவ்வளவுதான்.

கவின் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். அப்பா பெயர் செல்வம். பள்ளியில் ‘செ. கவின்’. இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்ப் பெட்டி காலியாக விடப்பட்டு, ‘கவின் செல்வம்’ முழுவதும் இன்னொரு பெட்டியில் இருக்கலாம். அப்படியிருந்தால் அமெரிக்க விசாவில் ‘கவின் செல்வம்’ என்பது குடும்பப் பெயராக ஏறும். முதல் பெயர் என்ற இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று அச்சாகும். முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம் அது. அதே எழுத்துகள் லைசென்ஸிலும் வந்து உட்காரும். பிறகு பள்ளிப் பதிவில் ஒரு பெயர், லைசென்ஸில் இன்னொரு பெயர், கார் இன்ஷூரன்ஸில் மூன்றாவது என்று பிள்ளையின் வாழ்க்கை தொடங்கும்.

அமெரிக்காவில் பிறந்த பிள்ளைக்கு இது வேறு வடிவத்தில் வரும். பிறந்தபோது அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்திருப்பார்கள். அம்மாவின் பெயருக்குப் பின்னால் இருப்பது அவருடைய அப்பாவின் பெயர். அப்பாவின் பெயருக்குப் பின்னால் தாத்தாவின் பெயர். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று குடும்பப் பெயர்கள். கரண்ட் பில் அம்மா பெயரில் இருந்தால், பில்லையும் பிள்ளையையும் இணைப்பது பிறப்புச் சான்றிதழ் ஒன்றுதான். அந்தச் சான்றிதழில் அம்மாவின் பெயர் இனிஷியலோடும், பில்லில் விரித்தும் இருந்தால் கவுன்டரில் இருப்பவர் தயங்குவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் அவருக்குச் சொல்லப்பட்ட விதி.

பெயரின் எழுத்துக்கூட்டலும் இப்படித்தான் மாட்டும். ழகரத்தை ஓரிடத்தில் ஒரு விதமாகவும் மற்றோரிடத்தில் வேறு விதமாகவும் எழுதியிருந்தால், கணினிக்கு அது இரண்டு ஆள். சோஷியல் செக்யூரிட்டி பதிவில் உள்ள எழுத்துக்கூட்டலைப் பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பது லைசென்ஸ் மனுவுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. பெற்றோர்–பிள்ளை உறவைக் காட்ட ஊரில் வாங்கிய பிறப்புச் சான்றிதழை நம்பியிருப்பவர்கள் அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பெயர் வைப்பதற்கு முன்பே பிறப்பைப் பதிந்து, பெயர்ப் பகுதி காலியாகவே விடப்பட்ட சான்றிதழ்கள் தமிழ்நாட்டில் ஏராளம். பெயரைச் சேர்க்க 15 ஆண்டு வரம்பு உண்டு. அமெரிக்காவில் பெர்மிட் எடுக்கும் வயதும் ஏறக்குறைய அதேதான்.

எச்-4 பிள்ளைகள்: தேதி தரும் தொல்லை

எச்-1பி விசாவில் வேலை செய்கிறவரின் பிள்ளைக்கு, அவரைச் சார்ந்தவர் என்ற முறையில், எச்-4 தகுதி. இந்தப் பிள்ளைகளும் லைசென்ஸ் எடுக்கலாம். நட்சத்திர அட்டைக்கும் தகுதி உண்டு. ஆனால் மூன்று வேறுபாடுகள் இருக்கின்றன.

முதலாவது, சோஷியல் செக்யூரிட்டி எண். வேலை செய்ய அனுமதி இல்லாத எச்-4 பிள்ளைக்குப் பொதுவாக அது கிடைக்காது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய், எண் பெறத் தகுதியில்லை என்ற கடிதத்தை வாங்கி வரச் சொல்லும் மாநிலங்கள் பல. எஸ்எஸ்ஏ-எல்676 என்பது அந்தக் கடிதத்தின் எண். டிஎம்விக்கு ஒரு முறை போய்த் திரும்பிய பிறகுதான் பலருக்கு இப்படியொன்று இருப்பதே தெரிகிறது.

இரண்டாவது, அட்டையின் ஆயுள். விசா முத்திரையின் தேதி நாட்டுக்குள் நுழைவதற்கானது. எவ்வளவு நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது ஐ-94. நட்சத்திர லைசென்ஸ் அந்தத் தங்கும் காலம் முடியும் நாள் வரை மட்டுமே செல்லும். இங்கேதான் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஒரு கோளாறு. இந்தியாவில் சிறார் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகளுக்கோ 18 வயது வரையோ, எது முந்தியோ அதுவரைதான். விசா 3 ஆண்டுகளுக்கு இருந்தாலும், நுழையும்போது பாஸ்போர்ட் முடியும் தேதியையே ஐ-94இல் குறித்துவிடும் வழக்கம் உண்டு. அப்பாவுக்கு 2028 வரை, பிள்ளைக்கு 2026 வரை என்று இருக்கும். பலர் கவனிப்பதில்லை. லைசென்ஸ் சீக்கிரம் முடிவது இதில் சிறிய சேதம். அந்தத் தேதியைத் தாண்டி நாட்டில் இருப்பது பெரிய சேதம். லைசென்ஸுக்காகக் காகிதங்களை எடுக்கும்போது ஐ-94ஐ அரசின் தளத்தில் பார்த்துவிட வேண்டும்.

மூன்றாவது, 21 வயது. அன்றோடு எச்-4 தகுதி முடிகிறது. மாணவர் விசா போன்ற வேறு தகுதிக்கு மாறினால்தான் தங்கவும் முடியும், லைசென்ஸைப் புதுப்பிக்கவும் முடியும். கிரீன் கார்டு வரிசையில் ஆண்டுக்கணக்காக நிற்கும் இந்தியக் குடும்பங்களில், அமெரிக்காவிலேயே வளர்ந்து அங்கேயே ஓட்டப் பழகிய பிள்ளைக்கும் இதே கதிதான். இது நியாயமாக எனக்குப் படவில்லை. ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

மனுவில் இருக்கும் ஒரு சின்னக் கட்டம்

இந்தப் பகுதியைக் குடியுரிமை இல்லாத பிள்ளைகளின் பெற்றோர் கட்டாயம் படிக்க வேண்டும். 1993இல் வந்த தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி, பெரும்பாலான மாநிலங்களில் லைசென்ஸ் மனுவே வாக்காளர் பதிவு மனுவாகவும் பயன்படும். கலிபோர்னியாவில் 16 வயதிலேயே முன்பதிவு செய்யலாம். அதாவது முதல் லைசென்ஸ் மனுவிலேயே ‘நீங்கள் அமெரிக்கக் குடிமகனா?’ என்ற கேள்வி பிள்ளையின் முன்னால் வரும்.

வகுப்புத் தோழர்கள் எல்லோரும் திரையில் ‘ஆம்’ என்று தொட்டதைப் பார்த்து, பழக்கத்தில் தானும் தொட்டுவிடக்கூடும். குடிமகன் என்று பொய்யாக உரிமை கோருவது அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் மிகக் கடுமையான குற்றங்களில் ஒன்று. பின்னாளில் கிரீன் கார்டையே நிரந்தரமாக மறுக்க அது காரணமாகலாம். விதிவிலக்குகள் மிகக் குறுகியவை. தெரியாமல் தொட்டேன் என்ற வாதம் எளிதில் எடுபடாது. பிள்ளை திரையின் முன் நிற்கும்போது பெற்றோர் பக்கத்தில் நிற்பது நல்லது. ஏற்கெனவே தவறாகக் குறித்திருந்தால், தாமதிக்காமல் குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

ஓட்டும் பக்கம்

அடையாளம் முடிந்தால், மிச்சம் இருப்பது படிப்படியாக உரிமம் தரும் முறை. 1996இல் ஃபுளோரிடா இதைத் தொடங்கியது. இன்று எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. கலிபோர்னியாவில் பதினைந்தரை வயதில் பெர்மிட். அதை 6 மாதம் வைத்திருந்து, பெரியவர் ஒருவரை அருகில் வைத்து 50 மணி நேரம், அதில் 10 மணி நேரம் இரவில், ஓட்டிப் பழக வேண்டும். 16 வயதில் கட்டுப்பாடுகளோடு லைசென்ஸ். முதல் 12 மாதங்கள் இரவு 11 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது. 20 வயதுக்குக் குறைந்த நண்பர்களைத் தனியாக ஏற்றிச் செல்லவும் கூடாது. நியூஜெர்சியில் 21 வயதுக்குட்பட்ட புதிய ஓட்டுநர்களின் நம்பர் பிளேட்டில் சிவப்பு ஸ்டிக்கர் இருக்க வேண்டும். டெக்சாஸில் பள்ளியில் சேர்ந்திருப்பதற்கான சான்று தர வேண்டும்.

18க்குக் குறைந்த பிள்ளைகளின் மனுவில் பெற்றோர் கையெழுத்து வேண்டும். அது வெறும் சம்மதம் அல்ல. கலிபோர்னியாவில் கையெழுத்திடுகிறவர் விபத்துக்கான பணப் பொறுப்பையும் ஏற்கிறார்.

அப்படியானால் நட்சத்திரம் வேண்டுமா?

சில மாநிலங்களில் தேர்வே கிடையாது. தருவதெல்லாம் நட்சத்திர அட்டைதான். கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்றவற்றில் இரண்டு வகையும் உண்டு. அங்கே முடிவெடுக்க உதவும் உண்மைகள் இவை.

1. 18 வயதுக்குக் குறைந்தவர்களிடம் உள்நாட்டு விமானப் பயணத்தில் விமான நிலையச் சோதனையை நடத்தும் மத்திய அமைப்பான டிஎஸ்ஏ அடையாளம் கேட்பதில்லை. ஆகவே 16 வயதில் நட்சத்திரத்துக்கு அவசரம் இல்லை.

2. ஆனால் 16இல் எடுக்கும் லைசென்ஸ் பல ஆண்டுகள் செல்லும். 18இல் கல்லூரிக்குப் பறக்கும்போதும் பிள்ளையின் பையில் அதே அட்டைதான் இருக்கும். ஆவணங்கள் கையில் இருந்தால், ஒரே வரிசையில் முடித்துவிடுவது மிச்சம்.

3. பாஸ்போர்ட் இருந்தால் நட்சத்திரம் இல்லாமலும் பறக்கலாம். காலாவதியாகாத இந்திய பாஸ்போர்ட்டும் ஏற்கப்படும். ஏற்கத்தக்க அடையாளம் எதுவுமே இல்லாமல் வரும் பெரியவர்களுக்கு, 2026 பிப்ரவரி 1 முதல் 45 டாலர் கட்டணத்தில் அடையாளம் சரிபார்க்கும் முறையை டிஎஸ்ஏ அறிவித்தது.

4. அட்டை தபாலில் வரும்வரை தரும் தற்காலிகக் காகித லைசென்ஸ் விமான நிலையத்தில் செல்லாது.

5. ஏதாவது ஓர் ஆவணம் தாமதமானால், சாதாரண லைசென்ஸுக்குப் போவதே சரி. பிறகு நட்சத்திர அட்டையாக மாற்றிக்கொள்ளலாம். பழக வேண்டிய மாதங்களை அப்படித் திரும்பப் பெற முடியாது.

இரவல் தரப் பெற்றோர் இல்லாதபோது

இந்த ஏற்பாடு முழுவதும் பெற்றோர், அவர்கள் பெயரில் வீடு, அலமாரியில் ஒழுங்காக அடுக்கிய காகிதம் என்ற ஒரு படத்தின் மேல் நிற்கிறது. அரசுப் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள், வீடிழந்த குடும்பத்துப் பிள்ளைகள், பிறப்புச் சான்றிதழ் யாரிடம் இருக்கிறது என்பதே வழக்காகிவிட்ட, பிரிந்து வாழும் பெற்றோரின் பிள்ளைகள் இந்தப் படத்துக்கு வெளியே நிற்கிறார்கள். அரசுப் பராமரிப்பில் இருந்து 18 வயதில் வெளியேறும் இளைஞர்களுக்குப் பிறப்புச் சான்றிதழ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை, லைசென்ஸ் அல்லது மாநில அடையாள அட்டை ஆகியவற்றைத் தந்தே அனுப்ப வேண்டும் என்று 2014இல் மத்திய அரசு சட்டம் செய்தது. அது வெளியேறும் வயதுக்கான தீர்வு. 16 வயதில் பெர்மிட் கேட்டு நிற்கும் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடவும் முகவரி காட்டவும் அப்போதும் ஒரு பெரியவர் தேவை.

காகிதம் கிடைக்காமல் 18 வரை காத்திருக்கும் பிள்ளைக்கு என்ன ஆகும்? கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் 18 ஆனதும் ஓட்டுநர் வகுப்பு கட்டாயமில்லை; 6 மாதக் காத்திருப்பும் 50 மணி நேரப் பயிற்சியும் இல்லை; இரவுக் கட்டுப்பாடும் இல்லை. புதிய ஓட்டுநர்களை விபத்திலிருந்து காக்க 1996 முதல் கட்டிய படிகள் எதிலும் கால் வைக்காமல், அந்தப் பிள்ளை நேராக நெடுஞ்சாலைக்கு வருகிறது.